பேருருவக் காவல் நாய்கள்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் முதலாவது நாய் என்பது அறிஞர் ஒப்ப முடிந்த உண்மை. ஆடும் மாடும் குதிரையும் மனிதனை அடுத்து வாழத் தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே நாய் அவனுடைய அடுப்பங்கரையில் இடம் பெற்றுவிட்டது. அங்ஙனம் வந்த நாயை அவன் வேட்டைக்கும், மந்தையை ஓட்டுதற்கும், வண்டி இழுத்தற்கும், மடியில் வைத்துச் சீராட்டுதற்கும் ஏற்பப் பல்வேறு இனங்களாக வகுத்துக்கொண்டான். அவற்றுள் காவலுக்கென்றே அமைந்த பேருருவ நாய்கள் ஒரு தனி வகுப்பாம். இவை எங்ஙனம் ஆக்கப்பட்டன, இவற்றின் இயல்பு யாது என்பவற்றை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உருவம் பெருக்கப் பெருக்கக் காவலும் சிறக்கும் என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். ஆயின், வரலாற்றையும் உயிர்நூலையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, உடல் காவலுக்கு ஒரு கருவி மட்டுமே என்பதும், காவற்குணம் வேறிடத்தினின்று வருவதென்பதும் புலனாகும்.

முதற்கண், மந்தையை ஓட்டும் நாயும் மந்தையைக் காக்கும் நாயும் வேறு வேறு என்பதை அறிதல் வேண்டும். ஓட்டும் நாய் ஆட்டை உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும், கொல்லுதல் ஒன்றை மட்டும் செய்யாது விடும். ஓநாயின் வேட்டைத் தொழில் அதனிடத்தே பாதியளவில் நிறுத்தப்பட்டிருக்கிறது. காக்கும் நாயோ ஆட்டைத் துரத்தவே கூடாது. அது மந்தையின் நடுவே படுத்து, அதனோடு நடந்து, அயலார் எவர் வரினும் எழுந்து குரைக்கும். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலையிலும், இத்தாலியின் அபுரூசி மலைநாட்டிலும், துருக்கியின் சீவாஸ் மாகாணத்துக் கங்கால் பகுதியிலும், காக்கசஸ் மலைகளிலும், திபெத்திலும் இத்தகைய நாய்கள் தொன்றுதொட்டு உள்ளன. ஓநாயும் கரடியும் திரியும் இடங்களில், மேய்ப்பர் தம் ஆடுகளோடு நெடுந்தொலைவு நடந்த வழிகளிலெல்லாம் இவை தோன்றியிருத்தல் கருதத்தக்கது.

இவற்றின் தொன்மைக்குச் சான்றுகள் பல. யோபின் ஆகமம் 30 ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மந்தையைக் காக்கும் நாய்கள் பேசப்படுகின்றன. உரோம நாட்டு வார்ரோ என்பார், நாயின் கழுத்தில் ஆணிகள் புறத்தே நீட்டிய தோற்பட்டை அணிய வேண்டுமென்றும், ஆணித் தலைகள் நாயின் கழுத்தை உறுத்தாதவாறு உட்புறம் மெல்லிய தோலை வைத்துத் தைக்க வேண்டுமென்றும் எழுதினார். துருக்கி நாட்டு மேய்ப்பர் ஓநாய்க்கு அஞ்சித் தம் நாய்களுக்கு முட்பட்டை அணியும் வழக்கம் இன்றும் காணப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பார், மந்தை நாய் வெண்ணிறமாகவும், பண்ணை வீட்டு நாய் கருநிறமாகவும் இருத்தல் நலம் என்றார். விடியற்கருக்கலில் மேய்ப்பன் தன் நாயை ஓநாயென்று மயங்கி அடித்துவிடலாகாது என்பதற்காக வெண்மை. பகலில் கள்வனுக்கு அச்சந் தருதற்கும் இரவில் அவன் கண்ணிற்குப் புலப்படாது அணுகுதற்கும் கருமை. செய்யவேண்டிய தொழிலை முன்வைத்து நாயைத் தெரிந்தெடுக்கும் முறை அக்காலத்தேயே வேரூன்றியிருந்ததென இதனால் அறிகிறோம்.

இனி, காவற்குணம் பிறப்பினால் மட்டும் வருவதோ எனின், அன்று. சார்லஸ் டார்வின் 1833 ஆம் ஆண்டில் இன்றைய உருகுவே நாட்டில் பயணஞ்செய்தபோது கண்ட ஒரு வழக்கத்தை 1839 இல் வெளியிட்ட தம் பயண நூலில் விவரித்துள்ளார். அங்கே, மனிதன் ஒருவனும் அருகில்லாத இடத்தில், ஒன்றிரண்டு நாய்களே பெரிய ஆட்டு மந்தைகளைக் காத்து நின்றன. இளங்குட்டியைத் தாயினின்று பிரித்து, நாளைக்கு மூன்று நான்கு முறை ஒரு பெண்ணாட்டைப் பிடித்து நிறுத்தி அதன் பாலை ஊட்டுவர். பட்டியிலேயே ஆட்டு மயிரால் படுக்கை அமைப்பர். வேறு நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் விளையாட விடார். பெரும்பாலும் காயடித்தும் விடுவர். இங்ஙனம் வளர்ந்த நாய்க்கு ஆடுகளே சுற்றம். அவற்றை விட்டு நீங்க அது விரும்புவதில்லை.

டார்வின் கூறும் மற்றொரு செய்தி நம் கருத்திற்கு இன்றியமையாதது. அந்நாய் நாள்தோறும் இறைச்சி பெறுவதற்காக வீட்டிற்கு வரும். பெற்றவுடன் வெட்கமுற்றது போல நழுவி ஓடும். வீட்டு நாய்கள், அவற்றுள் மிகச் சிறியதும், அதனைத் துரத்திக்கொண்டு செல்லும். ஆயின், தன் மந்தையை அடைந்த அக்கணமே அது திரும்பி நின்று குரைக்கத் தொடங்கும். துரத்தி வந்தவை யாவும் புறங்காட்டி ஓடும். வீட்டு வாயிலில் அஞ்சிய நாயும் மந்தையின் முன் நின்ற நாயும் ஒன்றே. உடலும் பல்லும் மாறவில்லை. நின்ற இடம் மாறிற்று. தன்னுடையது என்று அது கொண்ட ஒன்றன் அருகிலேயே அதன் வீரம் பிறக்கிறது.

இதன் காரணத்தைப் பிற்கால ஆராய்ச்சி விளக்கியது. அமெரிக்க அறிஞர்களாகிய ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலத்தில் குட்டி யாருடன் பழகுகிறதோ, அவரையே தன் இனமாகக் கொள்ளும் என்பது அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று. அக்காலம் கழிந்தபின் அவ்வாயில் மெல்ல அடைபடும். ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்னும் தம்பதியர் 1970 களில் இத்தாலி, யூகோஸ்லாவியா, துருக்கி ஆகிய நாடுகளினின்று காவல் நாய்களை அமெரிக்காவிற்குக் கொணர்ந்து பண்ணைகளில் வளர்த்து ஆராய்ந்தனர். நல்ல காவல் நாய்க்கு மூன்று இலக்கணம் வேண்டும் என்பது அவர்கள் முடிபு. மந்தையின்மீது எப்போதும் கருத்துடைமை ஒன்று. ஆட்டிற்குத் தீங்கு செய்யாத நம்பகம் ஒன்று. பகை வந்துழிக் காக்கும் தன்மை ஒன்று. முதலிரண்டும் இல்வழி மூன்றாவதனால் பயனில்லை. இத்தகைய நாய்கள் பெரும்பாலும் போர் செய்து வெல்வதில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். நாய் குரைத்தும் குறுக்கிட்டும் நிற்க, ஓநாய் தன் வேட்டையின் ஒழுங்கு குலைந்து அகன்றுவிடுகிறது.

அங்ஙனமாயின் பேருருவம் எதற்கு என்று வினவலாம். ஓநாய் காயமுறுவதற்கு அஞ்சும் விலங்கு. காலொடிந்த ஓநாய் பட்டினியால் மடியும். எதிரே நிற்பது தன்னினும் பெரிதாயின் அது போரை விரும்பாது. மேலும், பெரிய உடல் பனியைத் தாங்கும், நெடுந்தொலைவு நடக்கும். இக்காரணங்களால் மேய்ப்பர் பெரியவற்றையே பேணினர். எனினும் அவர்கள் விரும்பிய பெருமைக்கு ஓர் எல்லை இருந்தது. மந்தையோடு மலையேற இயலாத நாய் அவர்களுக்கு வேண்டுவதில்லை. ஆதலின் கங்கால் நாய் ஏறத்தாழ 50 முதல் 60 கிலோகிராம் எடையோடு நின்றது.

மலைநாட்டு நாய்கள் இங்ஙனம் தொழிலாலும் காலத்தாலும் மெல்ல உருவாயின. வேறு சில இனங்களோ மனிதர் திட்டமிட்டு ஆக்கியவை. 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெருநிலக்கிழார்தம் வேட்டைக்காடுகளைக் காத்த காவலர்க்கு, இரவில் நுழையும் கள்ள வேட்டைக்காரரைப் பிடித்தற்கு ஒரு நாய் தேவைப்பட்டது. மாஸ்டிப் என்னும் பேருருவ நாய் வலியது, ஆனால் விரைவில்லாதது. அக்காலத்துப் புல்டாக் அஞ்சாதது. ஆனால் உருவிற் சிறியது, மிக்க சினமுடையது. இரண்டையும் கலந்து, மாஸ்டிப் 60 பங்கும் புல்டாக் 40 பங்கும் என்னும் அளவில் புல்மாஸ்டிப் இனம் ஆக்கப்பட்டது. ஓசையின்றி அணுகி, ஆளை வீழ்த்தி, கடித்துக் குதறாமல் காவலன் வருமளவும் அமுக்கி வைத்தலே அதற்கு வகுத்த தொழில். இருளில் மறையும் கருவரி நிறத்தைக் காவலர் விரும்பினர். கொலுமெல்லாவின் கருத்து மீண்டும் உயிர் பெற்றது போலும்! கலந்த அளவில் இனம் ஆகிவிடாது. கலப்பிற் பிறந்தவற்றைத் தம்முள் இணைத்து, பெற்றோரை ஒத்த குட்டிகளே தலைமுறைதோறும் பிறக்கும் நிலை வரவேண்டும். அந்நிலை எய்தியபின், 1924 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கென்னல் கிளப் புல்மாஸ்டிப்பைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத்துப் படையினர் மாஸ்கோவை அடுத்த தம் நாய்ப்பண்ணையில் காக்கசஸ் நாயையும் செயின்ட் பெர்னார்டு நாயையும் கலந்து மாஸ்கோக் காவல் நாயை ஆக்கியதும் இம்முறையே.

உருவம் பெருகுவதன் உள்ளமைப்பையும் இப்போது ஓரளவு அறிந்துள்ளோம். உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு சுரப்புப்பொருளை ஆளும் மரபணுவின் ஒரு வடிவம் சிறு நாய்களிடத்துப் பெரிதும் காணப்படுகிறது என்றும், பேருருவ நாய்களிடத்து அது அரிது என்றும் 2007 ஆம் ஆண்டில் கண்டனர். 2022 இல் வெளியான ஆராய்ச்சியோ, உடலைச் சிறிதாக்கும் மாற்றம் 50,000 ஆண்டுகட்கு முற்பட்ட ஓநாயின் எலும்பிலேயே இருந்ததெனக் காட்டியது. ஆகவே மனிதன் புதியதொன்றைப் படைத்தான் என்பதினும், இயற்கையில் உள்ளவற்றுள் தெரிந்தெடுத்துப் பெருக்கினான் என்பதே பொருத்தம்.

அப்பெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. அதனைத் தருவது நாயே. ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, உடலெடை 2 கிலோகிராம் கூடுந்தோறும் நாயின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது. பேருருவ நாய் விரைந்து வளர்ந்து விரைந்து மூப்படைகிறது. இடுப்பு மூட்டுப் பிறழ்வு, இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளுதல், எலும்புப் புற்று ஆகிய நோய்கள் இவற்றையே மிகுதியும் வருத்துகின்றன. குட்டி விரைவில் பருக்கவேண்டுமென்று சுண்ணாம்புச் சத்தை அளவின்றி ஊட்டினால் எலும்பு உறுதிபெறுவதற்கு மாறாகக் கோணிவிடும். கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு 1980 களில் நெதர்லாந்தில் நிகழ்த்திய சோதனைகள் இதனைத் தெளிவாக்கின.

செயின்ட் பெர்னார்டு நாயின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய் மடத்துத் துறவியர், 17 ஆம் நூற்றாண்டில் முதலில் காவலுக்காகவே இவற்றை வளர்த்தனர். பின்னரே இவை பனியில் வழி தவறினாரை மீட்கப் பழகின. 1800 முதல் 1814 வரை வாழ்ந்து, நாற்பதின்மர் உயிரைக் காத்ததாகப் புகழ்பெற்ற பாரி என்னும் நாயின் எடை 45 கிலோகிராமிற்கு மேற்படாது என மதிப்பிடுகின்றனர். இன்று காட்சிக்கு நிறுத்தப்படும் அவ்வினத்து நாய்கள் 80 கிலோகிராமையும் எட்டுவதுண்டு. பெயர் ஒன்றே, ஆயின் பாரி ஓடிய பனிச்சரிவில் இவை ஓட வல்லவோ?

தொழிலை மறந்து உருவத்தை மட்டும் விழைவதன் முடிவு இன்னும் கொடியது. 2014 ஆம் ஆண்டில் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஒரு திபெத்திய மாஸ்டிப் குட்டி 1,20,00,000 யுவானுக்கு விலை போனதாகச் செய்தித்தாள்கள் எழுதின. செல்வர்தம் பெருமைக்கு அறிகுறியாக இவற்றைப் பண்ணை பண்ணையாக வளர்த்தனர். சில ஆண்டுகளில் மோகம் தணிந்தது, விலை வீழ்ந்தது, உணவளிக்க மாட்டாதார் இவற்றைக் கைவிட, திபெத்திய மேட்டுநிலத்தில் கூட்டங்கூட்டமாகத் திரியலாயின. மந்தையைக் காக்க வந்த இனம் மந்தைக்கும் மக்களுக்கும் அச்சமாய் முடிந்தது.

இதற்கு மறுதலையானதொரு நிகழ்ச்சி ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் உண்டு. கால்நடைகளைக் கொல்லும் என்று அஞ்சிய பண்ணையார்கள் 1980 களில் ஆயிரக்கணக்கான சிவிங்கிப்புலிகளை ஒழித்தனர். லாரி மார்க்கர் என்னும் அம்மையார் 1990 ஆம் ஆண்டில் நிறுவிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம், 1994 முதல் துருக்கிய இனக் காவல் நாய்களை அங்கே வளர்த்துப் பண்ணையார்களுக்கு அளித்து வருகிறது. குட்டிகளை இளமையிலேயே ஆடுகளோடு பட்டியில் வளர்க்கின்றனர். நாயைக் கண்டால் சிவிங்கிப்புலி விலகிச் செல்லும். பண்ணையாருக்குத் துப்பாக்கி எடுக்க வேண்டுவதில்லை. தம் இழப்பு பெரிதும் குறைந்ததெனப் பண்ணையார் பலர் உரைத்துள்ளனர். ஆடு பிழைத்தது, அதனைத் தின்ன வந்த விலங்கும் பிழைத்தது.

திபெத்தில் நிகழ்ந்ததும் நமீபியாவில் நிகழ்ந்ததும் நாயின் உருவ வேறுபாட்டால் விளைந்தன அல்ல. ஓரிடத்தில் நாய்க்குத் தொழிலும் சுற்றமும் தரப்பட்டன. மற்றோரிடத்தில் விலை மட்டுமே தரப்பட்டது. பேருருவக் காவல் நாயை நகரத்து மாடிவீட்டில் வளர்க்க விழைவார் இதனை உளங்கொள்ளல் வேண்டும். அயலாரை ஐயுறுதலும், ஏவலை எதிர்நோக்காது தானே துணிதலும் அதன் மரபு. காக்க மந்தை இல்லாதவிடத்து வாயிற்படியையே மந்தையாகக் கொண்டு, வரும் விருந்தினரையே ஓநாயாகக் கருதும். பின்னர் நாய் கடித்ததென்று நோவதிற் பயனில்லை.

ஆதலின், ஓர் இனத்தை ஆக்குவாரும் வளர்ப்பாரும் முதலில் நாயின் எடையைக் கேளாமல், அதற்கு யாம் தரும் தொழில் யாது, முதற் பன்னிரண்டு வாரங்களில் அது யாருடன் வளர்ந்தது, இவ்வுடலோடு அது நோயின்றி எத்தனை ஆண்டு நடக்கும் என்று கேட்பாராக. இம்மூன்றிற்கும் நல்விடை கூறவல்லார் கையிலேயே இவ்வினங்கள் வாழ்தல் தகும்.