மடுல்சீமை இலையும் கொழும்புக் கோப்பிக் கிண்ணமும்

கொழும்பு மாநகரின் கோப்பிச் சாலைகள் சிலவற்றில் இந்நாளில் ஒரு புதுமையைக் காணலாம். கோப்பி கேட்டவுடன் பரிமாறுபவர் சிறு தராசு ஒன்றை மேசைமீது வைக்கின்றார். அதன்மேல் கண்ணாடிக் குடுவை. குடுவையின் வாயில் கூம்பு வடிவான பீங்கான் புனல். புனலுக்குள் மெல்லிய வெள்ளைக் காகிதம். அப்பொழுதே அரைத்த தூளை நிறுத்து அதனுள் இடுகின்றார். அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த மூக்குடைய கெண்டியிலிருந்து வெந்நீரை நூலிழையாக வட்டமிட்டு ஊற்றுகின்றார். மருந்துச் சாலையில் கலவை கூட்டுபவரைக் காண்பது போன்றே இருக்கும். மூன்று நிமிடங்கள் பொறுத்திருந்தவருக்குப் பாலும் சீனியும் சேராத ஒரு கிண்ணம் கிடைக்கின்றது. கோப்பி விளைந்த மலையின் பெயரும் உயரமும் பொறித்த சிறு அட்டையொன்று உடன் வருவதும் உண்டு.

அவ்வட்டையில் எத்தியோப்பியாவின் பெயர் இருந்தால் வியப்பில்லை. இலங்கை மலையொன்றின் பெயர் இருந்தால் பலர் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்கின்றனர். தேயிலை நாட்டில் கோப்பி ஏது என்பது அவர்தம் ஐயம். அந்த ஐயத்திற்கு விடை, பதுளைக்கு அப்பால் பசறையையும் கடந்து ஏறிச் செல்லும் மடுல்சீமை மலையில் இருக்கின்றது.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது அறிவோம். காகிதத்தால் கோப்பி வடிக்கும் முறை ஒரு குடும்பத் தலைவியின் கண்டுபிடிப்பு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ஸ் என்னும் அம்மையார், கிண்ணத்தின் அடியில் மண்டி தங்குவதைப் பொறாது, பித்தளைக் கலமொன்றைத் துளையிட்டு, மகனின் பள்ளிக் கொப்பியிலிருந்த மையொற்றுத் தாளை அதனுள் விரித்தார். 1908ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பதிவும் பெற்றார். இன்று கோப்பிச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் கூம்புப் புனல், ஜப்பானிய நிறுவனமான ஹாரியோ 2000களின் நடுப்பகுதியில் வெளியிட்டது. அதன் சுவர்கள் அறுபது பாகைக் கோணத்தில் அமைந்தவை. உட்புறத்தில் சுருள் வரிகள் உண்டு. காகிதம் சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் காற்று வெளியேற இவ்வரிகள் வழிவிடுகின்றன. நம்மவர் வீடுகளின் பித்தளை வடிகட்டியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது கெட்டியான வடிநீரை மெல்லச் சொட்டவிட்டுப் பாலுக்கு ஆயத்தமாக்குகின்றது. இதுவோ பாலின்றிப் பருகுவதற்கு.

பதினைந்து கிராம் தூளுக்கு ஏறத்தாழ 250 கிராம் நீர் என்பது பொதுவான அளவு. நீர் கொதித்து அடங்கியதாய் இருத்தல் நன்று. தொண்ணூறு பாகைக்குச் சற்று மேற்பட்ட சூடு போதும். முதலில் தூள் நனையும் அளவு மட்டும் ஊற்றி அரை நிமிடம் விடுகின்றனர். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு அப்பொழுது வெளியேற, தூள் அப்பம் போல் பொங்கி எழுகின்றது. பொங்காத தூள், வறுத்து நாட்பட்ட தூள். வேறு சோதனையே வேண்டியதில்லை.

எனினும், கருவி எத்துணைச் சிறந்ததாயினும் கொட்டையில் இல்லாத சுவையைக் கிண்ணத்தில் வருவிக்க இயலாது. சிறப்புத்தரக் கோப்பி என்னும் வழக்கை 1974இல் எர்னா நுட்சன் என்னும் அமெரிக்க வணிகப் பெண்மணி பரப்பியபோது, அவர் கருதியது கெண்டியையும் புனலையும் அன்று. தனித்த நிலமும் தட்பவெப்பமும் கொட்டைக்கு அளிக்கும் தனிச்சுவையையே. சுவைஞர் நூற்றுக்கு எண்பது புள்ளியேனும் இட்டாலன்றி அப்பெயர் வழங்குவதில்லை என்பது பின்னர் நிலைபெற்ற வழக்கம்.

அத்தகைய நிலம் இலங்கையில் இருந்தது. 1870ஆம் ஆண்டில் இத்தீவிலிருந்து பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பி கப்பலேறியது. கண்டிச் சீமை முதல் ஊவா வரை மலைகளெங்கும் கோப்பித் தோட்டங்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் கொள்ளை நோய்க்குப் பலரைப் பறிகொடுத்து வந்த தமிழகத்து உழைப்பாளர் அவற்றில் பழம் பறித்தனர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். கோப்பி, பருவத்திற்கு மட்டும் ஆள் தேடும் பயிர்.

1869ஆம் ஆண்டில், மடுல்சீமையின் கல்லூலா தோட்டத்தில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருப்பது கண்டறியப்பட்டது. இலைகள் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் என்பாரிடம் சேர்ந்தன. அவர் அவற்றை இங்கிலாந்தில் இருந்த பெர்க்கிளி பாதிரியாருக்கு அனுப்பினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது பூஞ்சையே என்று எடுத்துரைத்தவர் அவர். அப்பொடியின் வித்துகள் ஒருபுறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் இருக்கக் கண்டு, ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். பாதி வழுவழுப்பு, பேரழிவு என்பன அப்பெயரின் பொருள். தோட்டத்துரைமார் அதனை ‘அழிக்கும் எமிலி’ என்று கேலியாக அழைத்தனர். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை.

நோய் கண்ட மரம் உடனே பட்டுப்போவதில்லை. ஈரமான இலைமீது வித்து முளைத்து உள்நுழைகின்றது, இலை உதிர்கின்றது, மரம் துளிர்க்கின்றது, மீண்டும் உதிர்கின்றது. ஒவ்வோர் ஆண்டும் காய் குறைகின்றது. இதனால் துரைமார் பலர் அடுத்த ஆண்டு நன்றாகும் என்று நம்பிக் கடன் வாங்கினர். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர், வித்துகள் காற்றில் பரவுகின்றன என்பதை ஆராய்ந்து காட்டினார். இடையீடின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே அதற்கு வழி திறந்தது என்பதும் அவர் கருத்து. கேட்பதற்குக் காலம் கடந்திருந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. 1890 அளவில் பழைய ஏற்றுமதியில் பத்திலொரு பங்கும் எஞ்சவில்லை.

இப்பூஞ்சையினால்தான் ஆங்கிலேயர் தேநீர் பருகத் தொடங்கினர் என்று சொல்வோர் உளர். அது பிழை, அவர்கள் சீனத்துத் தேநீரை அதற்கு வெகு காலம் முன்பே பருகியவர்கள். மாறியது இலங்கை மலைதான். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி பட்ட இடங்களிலெல்லாம் ஏறியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளக் கை வேண்டும் பயிர். பருவத்துக்கு வந்தவர் குடும்பத்தோடு லயத்தில் தங்கினர். மலையகத் தமிழர் என்னும் சமூகம் மலையில் வேரூன்றியதில், மடுல்சீமையில் முதன்முதற் காணப்பட்ட அந்தச் செம்மஞ்சள் பொடிக்கும் பெரும் பங்கு உண்டு.

கோப்பி முற்றாக மறைந்துவிடவில்லை. வீட்டுத் தோட்டங்களில், மிளகுக் கொடியின் அருகே, இரண்டொரு மரங்களாய் வாழ்ந்தது. வறையோட்டில் கருக வறுத்து உரலில் இடித்து, இஞ்சியும் கொத்தமல்லியும் சேர்த்துக் காய்ச்சிய கோப்பி மழைக்கால மருந்தாயிற்று. இக்காலக் கோப்பிச் சாலைகள் தேடுவது வேறு. உயர்ந்த மலையில் விளையும் அராபிக்கா வகை அவற்றுக்கு வேண்டும். ஆனால் எமிலிக்கு மிகவும் பிடித்த உணவும் அதுவே. திமோர்த் தீவில் அராபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து பிறந்த மரமொன்று நோயைத் தாங்குவது காணப்பட்டு, 1959இல் போர்த்துக்கலில் அதன் வழித்தோன்றலோடு வேறொரு வகையை இணைத்துக் கட்டிமோர் என்பதை உருவாக்கினர். இலங்கை ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் உழவருக்குப் பரிந்துரைத்த வகைகளுள் அதுவும் ஒன்று. இதனாலும் பூஞ்சை தோற்றுவிட்டது எனல் ஆகாது. 1970இல் பிரேசிலையும், 2012இல் நடு அமெரிக்காவையும் அது வருத்தியது.

நல்ல கிண்ணத்துக்கு மற்றொரு தடையும் உண்டு. அது நோயன்று, விலை. சிறப்புத்தரத்திற்குச் சிவக்கப் பழுத்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்தல் வேண்டும். ஒரே மரத்திடம் பலமுறை போக வேண்டும். பச்சைக் காய்க்கும் சிவந்த பழத்துக்கும் வியாபாரி ஒரே விலை கொடுப்பாராயின், யார் பலமுறை போவர்? கிளையோடு உருவிக் கோணியில் போடுவதே அங்கு நடக்கும். அதன் பின் ஜப்பானியப் புனலும் தராசும் என் செய்யும்? தேநீர்க் கடைத் தேநீருக்குப் பன்மடங்கு கொடுத்து இக்கிண்ணத்தை வாங்குபவர், மலையின் பெயரோடு வறுத்த நாளையும், பழத்திற்குத் தனி விலை கொடுக்கப்பட்டதா என்பதையும் கடைக்காரரிடம் கேட்கலாம். நல்ல கடைக்காரர் மகிழ்ந்து விடை கூறுவார். வீட்டிற்குக் கருவி வாங்க விரும்பும் நேயர்கள், விலையுயர்ந்த கெண்டிக்கு முன்னர் நல்ல கை அரைவையொன்றை வாங்குதல் நலம். அரைத்து வைத்த தூள் சில நாட்களிலேயே மணம் இழந்துவிடும்.

மடுல்சீமைப் பக்கம் செல்பவர் லயத்தின் பின்புறத்தே கோப்பி மரமொன்றைக் கண்டால், ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கட்டும். அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி விரலில் ஒட்டினாலும் ஒட்டும்.