விடுதலை யாருக்கு? பாளையக்காரர் எழுச்சி தரும் பாடம்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்வோர் செஞ்சி மலைகளைப் பார்க்காமல் கடக்க முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. ஒரு விடுமுறை நாளில் நம் பங்கு இளையோரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம்.

ராஜகிரிப் படிகளில் ஏறி இளைப்பாறியபோது தேசிங்குராஜனின் கதை வந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714-ஆம் ஆண்டு சிறு படையோடு எதிர்த்துப் போரிட்டு மாண்ட இளைஞன் அவன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுவன், "சாமி, அவர் ஏன் தனியாகவே போனார்? பக்கத்து ராஜாக்கள் யாரும் வரலையா?" என்றான்.

நல்ல கேள்வி. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத் தென் தமிழகத்தில் சிலர் அதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கண்ட பதிலை இன்று சிந்திப்போம்.

பாளையக்காரர்கள் யார்?

மதுரை நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பாளையக்காரரும் வரி வசூலித்தார், காவல் பார்த்தார், படையும் வைத்துக்கொண்டார். பின்னாளில் ஆற்காட்டு நவாப் தம் போர்களுக்காக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பெருங்கடன் பட்டார். அதன் விளைவாக, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கம்பெனியின் கைக்குப் போனது. வாணிகம் செய்ய வந்தவர்கள் வரி கேட்கும் எசமானர்களானார்கள்.

எதிர்த்த பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கம்பெனிக்குத் துணை நின்றவர்களுள் எட்டயபுரத்தாரும் உண்டு. ஒரு பாளையத்தை இன்னொரு பாளையத்தைக் கொண்டே வீழ்த்தலாம் என்பதைக் கம்பெனி நன்றாகவே கற்றிருந்தது.

ஒன்றுசேர்ந்த கைகள்

ஓரியூருக்குத் திருப்பயணம் சென்றுவரும் நம் மக்கள் சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளை அறிவார்கள். அந்தச் சிவகங்கையை ஆண்டுவந்த பெரிய மருதுவும் சின்ன மருதுவும் அரச குலத்தில் பிறந்தவர்கள் அல்லர். அரண்மனைப் பணியாளர்களாக இருந்து உயர்ந்தவர்கள். தனித்தனியே நின்றால் தனித்தனியே அழிவோம் என்று உணர்ந்த அவர்கள், திண்டுக்கல் பகுதியின் விருப்பாச்சி கோபால நாயக்கரோடு கைகோத்தார்கள். மலபாரின் கேரள வர்மாவோடும் மைசூர்ப் பகுதிக் கிளர்ச்சியாளர்களோடும் தொடர்பு ஏற்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின் மருதிருவரிடமே அடைக்கலம் புகுந்தார்.

1801 ஜூன் மாதத்தில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'ஜம்புத்தீவுப் பிரகடனம்' என்று அதைச் சொல்கிறோம். அது எந்த ஒரு பாளையத்துக்கும் எழுதப்படவில்லை. பிராமணர் முதல் சூத்திரர் வரை எல்லா வருணத்தாரையும், முசல்மான்களையும், கம்பெனிப் படையில் கூலிக்குச் சேவகம் செய்த சிப்பாய்களையும்கூட அது சேர்த்து அழைத்தது. நம்மிடையே ஒற்றுமை இல்லாததால்தான் அந்நியர் ஆள்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. ஐரோப்பியரை அழித்தொழிக்கவும் அது அறைகூவியது. அந்தப் பகுதியை நற்செய்தியின் மக்களாகிய நாம் ஏற்க முடியாது. ஆனால் பிரிந்து கிடந்தவர்களை ஒரே மூச்சில் அழைத்த அந்தத் துணிவை மறக்கவும் முடியாது.

கம்பெனி தன் பழைய வழியிலேயே பதில் சொன்னது. 1801 செப்டம்பரில் சிவகங்கைக்கு உரியவர் என்று படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் முடிசூட்டியது. மக்கள் இரண்டுபட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரையும் கொல்லப்பட்டார். 1802 பிப்ரவரியில் 73 பேர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

இது நமக்குத் தொலைவான கதையும் அல்ல. அதே 1801 ஜூலை 31 அன்று நவாபோடு செய்த உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தமானது. விழுப்புரமும் திண்டிவனமும் கம்பெனியின் தென்னார்க்காட்டுச் சீமையாயின.

போலந்தில் நடந்தது

இதைப் போன்ற ஓர் எழுச்சி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் போலந்து நாட்டில் நடந்தது. 1986-இல் சென்னைக்கு வந்த திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுலின் தாய்நாடு அது. இரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனாவின் பிடி அங்கே இறுகியது. எதிர்த்துப் பேசிய கிராக்கோ ஆயர் கஜெட்டான் சோல்டிக் 1767-இல் சிறைப்பிடிக்கப்பட்டு இரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1768 பிப்ரவரி 29 அன்று, இன்று உக்ரைனில் உள்ள பார் என்னும் ஊரில் பிரபுக்கள் கூடி, விசுவாசத்துக்காகவும் சுதந்திரத்துக்காகவும் ஆயுதம் ஏந்தினார்கள். செஸ்டோகோவா அன்னையின் திருத்தல மடத்தையே கோட்டையாக்கிக் காசிமிர் புலாஸ்கி போரிட்டார். நான்கு ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. பிடிபட்ட பலர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1772-இல் இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் போலந்தின் பெரும் பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டன.

அவர்களுடைய வீரத்தில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் கேட்ட சுதந்திரம் பிரபுக்களின் சுதந்திரம். வயலில் அடிமைகளைப் போல உழைத்த குடியானவர்களுக்கு அதில் இடமில்லை. ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் சீர்திருத்த சபையாருக்கும் சம உரிமை தருவதை அவர்கள் எதிர்த்தார்கள். அதே 1768-இல் உக்ரைன் பகுதிக் குடியானவர்கள் தங்கள் பிரபுக்களுக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தார்கள். ஊமன் நகரில் பிரபுக்களும் குருக்களும் யூதர்களும் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கர் என்பதற்காக இதை நாம் மறைக்கத் தேவையில்லை. தனக்கு மட்டும் விடுதலை கேட்கிறவன், பக்கத்து வீட்டுக்காரனைப் பகைவனிடம் தள்ளிவிடுகிறான்.

நம் தேர் எங்கே நிற்கிறது?

சிவகங்கைச் சீமையிலுள்ள சருகணி தேவாலயத்துக்கு மருது சகோதரர்கள் தேர் தந்து, திருவிழாச் செலவுக்கு மானியமும் விட்டார்கள் என்பது அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. கிறிஸ்தவர் அல்லாத ஆட்சியாளர்கள் நம் தேரைத் தங்கள் தேராக எண்ணினார்கள். நம் நிலை என்ன? தேர் எந்தத் தெரு வரைக்கும் போகலாம், கல்லறையில் யாரை எந்தப் பக்கம் அடக்கம் செய்யலாம் என்று நம்மிடையே இன்றும் வழக்கு நடக்கிறது. பங்குப் பணியாளர்களாகிய நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லர். "திருவிழா நேரத்தில் பிரச்சினை வேண்டாம்" என்று தேரைப் பழைய வழியிலேயே திருப்பிவிட்ட ஆண்டுகள் உண்டு. அன்று சேரித்தெரு முனையில் மெழுகுவர்த்தியோடு காத்து நின்ற பாட்டியின் முகம் இன்னும் எங்கள் மனதைவிட்டு அகலவில்லை.

கிறிஸ்து தந்த உரிமை வாழ்வை நம் சொந்த விருப்பத்துக்காக அல்ல, அன்பினால் பிறருக்கு ஊழியம் செய்யவே பயன்படுத்த வேண்டும் என்று கலாத்தியருக்கு எழுதிய மடலில் (5:13) புனித பவுல் கற்பிக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் மதிலில் ஒட்டிய அறிவிப்பு எல்லாரையும் அழைத்தது. ஒரே அப்பத்தில் பங்கு கொள்ளும் நாம் ஒரே தெருவில் நடக்கத் தயங்கலாமா?

செஞ்சியில் அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியை நம் பங்குகளிலும் கேட்டுப் பார்ப்போம். தனியாக விடப்பட்டவர் யார்? அவரோடு சேர்ந்து நடக்க நாம் போகிறோமா? வரும் திருவிழாவுக்கு முன் பங்குப் பேரவையில் இதைப் பேசித் தீர்ப்போம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.