ஓடிபி சொல்வதற்கு முன்

2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குல டிவியை ஷோகேஸில் தூக்கி வைத்துப் பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது. 55 அங்குலம் அப்படியல்ல. 2025 செப்டம்பர் 22-இல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதும், தள்ளிப்போட்டு வந்த பலருக்கு வாங்கத் துணிவு வந்தது. அன்னூரிலும் பக்கத்துத் தோட்டத்து வீடுகளிலும் புது டிவி வாங்குவோருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மாட்ட வரும் டெக்னீசியனுக்கு அவசரப்பட்டு ஓடிபி சொல்லிவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் அவர் உங்கள் செல்போனுக்கு வந்த எண்ணைக் கேட்பார். அதைச் சொன்னால், டிவி நல்லபடியாகப் பொருத்தப்பட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. பேனல் உடைப்பு சாதாரணமாக வாரண்டியில் சேராது. கீறல் முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்ற வாக்குவாதத்தில் உங்கள் கையில் ஆதாரம் இல்லையென்றால் பணம் போனதுதான். ஆகவே அவர் வரும்வரை அட்டைப்பெட்டியைப் பிரிக்காதீர்கள். சீலில் தொடங்கி, திரையில் படம் ஓடும்வரை வீடியோ எடுங்கள். வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு நான்கு மூலையையும் உற்றுப் பாருங்கள். கரும்புள்ளியும் கோடும் அதில் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் நேரமாகும். ஆகட்டும், பணம் உங்களுடையது.

அடுத்தது சுவர். நம் பக்கத்தில் ஹாலோ பிளாக் சுவர்கள் நிறைய. உள்ளே கூடாக இருக்கும் கல்லில் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கை இறக்கித் திருகினால் முதல் நாள் கெட்டியாகத்தான் நிற்கும். சில மாதத்தில் இளகும். கீழே குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். “சுவரு ஹாலோ பிளாக்குங்க, அதுக்கேத்த ஆங்கர் இருக்குதுங்களா?” என்று துளை போடுவதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டாண்டில் வைத்து, பின்பக்கம் சுவரோடு கட்டிவிடுவது மேல்.

கோடை மழையோடு வரும் இடி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை. மாடியிலிருக்கும் டிஷ் வயரிலும், கம்பம் கம்பமாக வரும் கேபிளிலும் வரும். ஆகவே வானம் கருக்கும்போதே, இடிச் சத்தம் கேட்பதற்கு முன்பே பிளக்கோடு அந்த வயர்களையும் கழற்றிவிடுங்கள். சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் மட்டும் போதாது. எர்த் சரியாக இல்லாத வீட்டில் அது பெயருக்குத்தான் இருக்கும். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து போகும், தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்னலாலும் வோல்டேஜ் ஏற்றத்தாழ்வாலும் வரும் சேதத்தைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படம் மங்கலாகத் தெரிகிறது என்று டிவியைக் குறை சொல்பவர்கள் முதலில் செட்டாப் பாக்ஸைப் பார்க்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை வயரில் இணைத்த சாதாரண எஸ்டி சேனல், 55 அங்குலத்தில் கலங்கித்தான் தெரியும். எச்டி பாக்ஸும் எச்டிஎம்ஐ வயரும் வேண்டும். கடை வெளிச்சத்துக்காக வைத்த ‘விவிட்’ மோடை ‘சினிமா’வுக்கோ ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கோ மாற்றினால் முகங்கள் முகங்களாகத் தெரியும். சினிமாப் படம் சீரியல் போல வழுக்கி ஓடினால் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். 2018-இல் நடிகர் டாம் குரூஸே வீடியோ வெளியிட்டு இதைக் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு அபாயம் செல்போனில் இருக்கிறது. கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். பெட்டியிலோ வாரண்டி அட்டையிலோ உள்ள எண்ணையே கூப்பிடுங்கள். ‘பத்து ரூபாய் கட்டிப் பதிவு செய்யுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்றால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பில் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. கெடு ஏதும் குறிக்காவிட்டால் 30 நாள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். திருப்பூர் மாவட்டத்து அவிநாசியில் வாங்கியிருந்தாலும் அன்னூர்க்காரர் கோவையிலேயே வழக்குப் போடலாம். குடியிருக்கும் இடத்தில் தொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் புகார் எண், அன்று எடுத்த வீடியோ ஆகியவற்றை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.