கொள்ளு கேட்டு வருபவருக்கு நாம் சொல்ல வேண்டியது

ஜட்கா வண்டிகள் மறைந்த பிறகு குதிரைக்காரர் நம் கடைப்படி ஏறுவது குறைந்துவிட்டது. ஆனாலும் அடியோடு நின்றுவிடவில்லை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. கல்யாண ஊர்வலத்துக்கும், பந்தயத்துக்கும், கடற்கரைச் சவாரிக்கும் குதிரை வளர்ப்போர் இருக்கிறார்கள். அவர்கள் கொள்ளும் தவிடும் வாங்க நம்மிடம்தான் வருகிறார்கள்.

குதிரைக்குக் கொள்ளுதான் சாப்பாடு என்று நாமும் நினைக்கிறோம், அவர்களும் நினைக்கிறார்கள். அது தவறு. குதிரைக்குச் சாப்பாடு புல், கொள்ளு தொட்டுக்கொள்ளத்தான். 350 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் சுமார் 7 கிலோ தீவனம் வேண்டும். அதில் 5 கிலோவுக்குக் குறையாமல் புல்லாக இருக்க வேண்டும். பச்சைப் புல் என்றால் ஈரம் போக இன்னும் பல மடங்கு தேவை. வேலை செய்யும் குதிரைக்கு மீதியைக் கொள்ளு, கடலை, பார்லி என்று கொடுக்கலாம். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். உடல் பெரிதானாலும் குதிரைக்கு இரைப்பை சிறிது. மாட்டைப் போல அசை போடாது. ஒவ்வாததைத் தின்றால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே தீவனத்தை மாற்றுவதானாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். நல்ல தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். தினமும் சிறிது உப்பும் வேண்டும்.

தவிடு மலிவு என்று அதையே அள்ளி வைப்பவர் உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நாள்பட்டால் எலும்பு கெடும். மாவு மில் வைத்திருந்தவர்களின் குதிரைகளுக்கே இந்த நோய் அதிகம் வந்ததால் மேல்நாட்டில் இதற்கு மில்காரர் நோய் என்றே பெயர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த பசுந்தீவனம் ஒன்று உண்டு. அதன் பெயரே குதிரைமசால்!

எங்கள் கடையில் நடந்தது

1980ஆம் ஆண்டு வாக்கில், எங்கள் தகப்பனார் வெளியூர் போயிருந்த சமயம், மழையில் நனைந்த இரண்டு மூட்டைக் கொள்ளை வெயிலில் காயவைத்து, பாதி விலைக்கு ஒரு ஜட்காக்காரரிடம் தள்ளிவிட்டோம். பூஞ்சை வாடை அடித்தது எங்களுக்குத் தெரியும். மாட்டுக்கும் குதிரைக்கும் யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம். நான்காம் நாள் அவர் வந்து, "முதலாளி, குதிரை வயிறு உப்பிச் செத்துப்போச்சுங்க" என்றார். சண்டை போடவில்லை. பழைய பாக்கியைக் கொடுக்கத்தான் வந்திருந்தார். தகப்பனார் திரும்பியதும் பேரேட்டை எங்கள் முன் வைத்து, "இதை எந்தக் கணக்கில் எழுதப் போகிறாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாக்கியைத் தள்ளி, வேறு குதிரை வாங்க முன்பணமும் கொடுத்தார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்றும் பதில் இல்லை.

ஆகவே வணிக நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்:

1. பூஞ்சை பிடித்த சரக்கைக் குதிரைக்கு என்று தள்ளாதீர்கள். குறிப்பாகப் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே தாக்கிக் கொல்லும்.

2. கோழித் தீவனத்தைக் குதிரைக்காரருக்கு விற்காதீர்கள். அதில் சேர்க்கும் சில மருந்துகள் கோழிக்கு நன்மை, குதிரைக்கு விஷம். மாட்டுத் தீவனமும் குதிரைக்கு ஏற்றதன்று.

3. கொள்ளை எடை போடும்போது, "புல் போதுமான அளவு கிடைக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக் கேட்பதால் ஒரு படி கொள்ளு குறைவாக விற்கலாம். ஆனால் குதிரை நன்றாக இருந்தால்தான் அதன் சொந்தக்காரர் அடுத்த மாதமும் நம் கடைக்கு வருவார்.