யுத்த காலத்தில் பட்டும் வெள்ளியும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கு இன்றியமையாத சரக்குகள் இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று ஜரிகை. வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சிவப்புப் பட்டிழையின்மேல் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியதே ஜரிகை என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நமது திருமுக்கூடல் வட்டாரத்தில் நெல் விளைகிறது. பட்டும் வெள்ளியும் வெளியூரிலிருந்தே வரவேண்டியிருக்கிறது. ஆகவே, இவற்றின் வரத்தும் விலையும் நமக்கு அப்பாற்பட்ட காரணங்களால் மாறுகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க சர்க்கார் செய்த சில முடிவுகள் இவ்விரு சரக்குகளையும் பெரிதும் பாதித்தன. அந்நாட்டு மக்களும் நம் நாட்டு மக்களும் அன்றைய தட்டுப்பாட்டை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டனர் என்பது, சங்க நிர்வாகத்தில் ஈடுபட்டுள்ள யாவரும் அறிந்துகொள்ளத்தக்கதாகும்.

ஜப்பானியப் பட்டு நின்றது

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபோது அமெரிக்கா அதில் சேரவில்லை. அந்நிய நாட்டுச் சண்டையில் தலையிடலாகாது என்ற எண்ணம் அந்நாட்டு மக்களிடம் வேரூன்றியிருந்தது. எனினும், ஜெர்மனியின் கை ஓங்கவே, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சிறிது சிறிதாகத் தம் கொள்கையை மாற்றினார். 1941 மார்ச்சு 11 அன்று கடன்-குத்தகைச் சட்டம் நிறைவேறியது. உடனே பணம் பெறாமல் நேச நாடுகளுக்குத் தளவாடங்களை வழங்க இச்சட்டம் வழி செய்தது.

கிழக்கில் ஜப்பான் 1937 முதல் சீனாவுடன் போரிட்டு வந்தது. 1941 ஜூலையில் அதன் படைகள் தென் இந்தோசீனாவில் புகுந்தன. ஜூலை 26 அன்று அமெரிக்கா தன் நாட்டிலிருந்த ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. பிரிட்டனும், இந்தியா உள்ளிட்ட அதன் ஆட்சிப் பகுதிகளும் அவ்வாறே செய்தன. ஜப்பானுடன் நடந்து வந்த வாணிகம் அத்துடன் நின்றது. அதில் முக்கியமான சரக்கு கச்சாப் பட்டாகும். அமெரிக்கா இறக்குமதி செய்த பட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஜப்பானிலிருந்து வந்ததே. அதில் பெரும்பகுதி பெண்கள் காலில் அணியும் மெல்லிய உறைகளாயிற்று.

கையிருப்பிலிருந்த பட்டை 1941 ஆகஸ்டு மாதத் தொடக்கத்திலேயே அமெரிக்க சர்க்கார் இராணுவத்துக்கென ஒதுக்கியது. பாராசூட்டுக்குப் பட்டு தேவை. பெரிய பீரங்கிகளின் வெடிமருந்தை நிரப்பும் பைகளுக்கும் பட்டு தேவை. கனல் மிச்சமில்லாமல் எரிந்து போவது அதன் இயல்பு. பட்டாலைத் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். வேறு பலர் செயற்கை இழைக்கு மாறினர். 1940 மே 15 முதல் நாடெங்கும் விற்பனைக்கு வந்திருந்த நைலான் உறைகள் பட்டின் இடத்தைப் பிடித்தன. 1942இல் நைலானும் இராணுவத்துக்குச் சென்றது. அவ்வாண்டு நவம்பரில், பழைய பட்டு, நைலான் உறைகளை வீடுவீடாகச் சேகரிக்கும் இயக்கமும் தொடங்கிற்று.

யுத்தம் முடிந்தபின் நைலான் திரும்பி வந்தது. பட்டோ அந்தச் சந்தையைப் பழையபடி பெறவில்லை. சரக்கு கிடைக்காத நாலைந்து ஆண்டுகளில் வாங்குவோரின் பழக்கம் மாறிவிட்டது. நெசவாளர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது.

பங்கீட்டு அட்டையும் ஊர்க் குழுவும்

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பின்னர் அமெரிக்கா நேரடியாக யுத்தத்தில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான மோட்டார் கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அந்த ஆலைகள் டாங்குகளையும் விமானங்களையும் செய்தன. ஆண்கள் இராணுவத்துக்குச் செல்லவே, இலட்சக்கணக்கான பெண்கள் ஆலை வேலைக்கு வந்தனர். சர்க்கரைக்கு 1942 மே மாதத்திலும், காப்பிக்கு நவம்பரிலும், இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் 1943 மார்ச்சிலும் பங்கீடு வந்தது. பெண்கள் உடையின் நீளமும் அகலமும் கூட உத்தரவினால் குறைக்கப்பட்டன. செல்வம் மிக்க நாடு என்று பெயர் பெற்ற அந்நாட்டிலும் மக்கள் அட்டையுடன் கடை வாசலில் நின்றனர்.

இப்பங்கீடு நடந்த முறை நம் கவனத்துக்கு உரியது. விலை உச்சவரம்பைத் தலைநகர் விதித்தது; அட்டை வழங்குவதையும் விசாரிப்பதையும் ஆயிரக்கணக்கான ஊர்க் குழுக்கள் கவனித்தன. அவற்றில் ஊதியமின்றி உழைத்த தொண்டர்கள் ஏராளம். அண்டை வீட்டாருக்கு என்ன கிடைக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தமையால் முறைகேடு ஓரளவு கட்டுப்பட்டது. ஆயினும் கள்ளச்சந்தை அறவே ஒழிந்துவிடவில்லை. நீதி எல்லோருக்கும் சமமாகக் கிட்டவும் இல்லை. 1942 பிப்ரவரி உத்தரவின்படி, மேற்குக் கரையில் வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே.

சென்னை மாகாணத்தில்

நம் நாட்டில் யுத்தத்தின் சுமை வேறு விதமாக விழுந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் திரள்திரளாக உள்நாட்டுக்குப் பெயர்ந்தனர்.

பட்டைப் பொறுத்தவரை, சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்த சரக்கு அற்றுப்போயிற்று. மைசூரிலும், அன்று நம் மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலத்திலும் விளைந்த பட்டுக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. பாராசூட்டுக்கென்று சர்க்கார் வாங்கியதால் பட்டுக்கூட்டின் விலை ஏறி, மல்பெரி பயிரிட்டோர் நல்ல பணம் கண்டனர். அதே விலையேற்றம் தறிக்காரரை நெருக்கியது. யுத்தம் முடிந்ததும் இராணுவக் கொள்முதல் நின்றது. அயல்நாட்டுப் பட்டு மீண்டும் வரத் தொடங்கியது. அப்போது அடி வாங்கியவர்கள் பயிரிட்டோர். இத்தொழிலை நிலைநிறுத்தும் பொருட்டு 1948இல் சட்டமியற்றி, 1949இல் மத்தியப் பட்டு வாரியம் அமைக்கப்பட்டது. ஒரே சரக்கின் விலை, ஒரு காலத்தில் நெய்வோரையும் மற்றொரு காலத்தில் விளைவிப்போரையும் வருத்தியது.

பருத்தி நெசவாளர் நிலை இன்னும் கடினமாயிருந்தது. பி. ஜே. தாமஸ் தலைமையில் அமைந்து 1942இல் அறிக்கை வெளியிட்ட குழு, கைத்தறியாளர் நூலுக்காகவும் விற்பனைக்காகவும் இடைத்தரகரைச் சார்ந்திருப்பதை எடுத்துக்காட்டியது. 1943இல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. 1935இல் தோன்றிய மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் (இன்றைய கோ-ஆப்டெக்ஸ்) ஊர்தோறும் இருந்த சங்கங்களும் கட்டுப்பாட்டு நூலை வழங்கும் வழிகளாயின. உணவுப் பங்கீட்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் போன்ற பண்டகசாலைகள் அரும்பணி ஆற்றின. கூட்டுறவு இயக்கம் யுத்த காலத்தில் வேகமாகப் பரவியதற்கு இதுவே முக்கிய காரணம்.

நூல் கிடைக்கும் என்பதற்காக மட்டுமே சங்கத்தில் சேர்ந்தவர்களும் அன்று இருந்தனர். 1948 ஜனவரியில் துணிக் கட்டுப்பாடு நீங்கியது. விலை தாறுமாறாக ஏறவே, அவ்வாண்டிலேயே மீண்டும் வந்தது. நெருக்கடி வரும்போது ஓடி வந்து சேர்ந்து, நீங்கியதும் விலகிப் போகிறவர்களைக் கொண்டு ஒரு சங்கம் நிலைக்க முடியாது.

வெள்ளி வந்ததும் திரும்பியதும்

இனி ஜரிகையின் உயிரான வெள்ளிக்கு வருவோம். யுத்தச் செலவு பெருகவே நாணயத்துக்கு வெள்ளி போதவில்லை. 1940இல் ரூபாய் நாணயத்தின் வெள்ளி அளவு பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. நோட்டுகள் பெருகின, பண்டங்களின் விலை ஏறியது, மக்கள் வெள்ளியை வாங்கிப் பதுக்கினர். இந்நிலையில் அமெரிக்கா 1944 முதல் கடன்-குத்தகை முறையில் நம் நாட்டுக்கு வெள்ளி அனுப்பியது. பிரிவினைக்கு முந்திய இந்தியா பெற்ற மொத்த அளவு சுமார் 22 கோடியே 60 லட்சம் அவுன்சு.

அதன் நிபந்தனை நம் உழவர்களுக்குப் பழக்கமானதே. விதைநெல் வாங்கியவர் அறுவடையில் நெல்லாகவே அளப்பது போல, வெள்ளிக்கு வெள்ளியாகவே, வாங்கிய எடைக்கு எடை திருப்ப வேண்டும். பிரிவினைக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் பங்கை ஏற்றன. புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்ற பழைய ரூபாய்களை உருக்கிச் சுத்திகரித்து, 1957இல் இந்தியா தன் கடனைத் தீர்த்தது.

நமது சங்கங்கள் செய்யவேண்டியவை

வெள்ளி விலை 2025இல் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டதையும், அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியதையும் நாம் கண்டோம். அயல்நாட்டு முடிவுகளை ஒரு கிராமச் சங்கம் தடுக்க இயலாது. ஆனால் அவற்றால் வரும் கஷ்டம் யார் தலையில் எவ்வளவு விழவேண்டும் என்பதைச் சங்கமே தீர்மானிக்கிறது. ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நான் வலியுறுத்துபவை மூன்று.

முதலாவது, பாவும் ஜரிகையும் யாருக்கு எவ்வளவு வழங்கப்பட்டன என்ற பட்டியலை மாதந்தோறும் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். சரக்கு குறையும் மாதத்தில், ஒற்றைத் தறியை நம்பி வாழும் குடும்பத்துக்கு முதலிடம் தரப்படவேண்டும். பலகையில் பட்டியல் இருந்தால் அவ்வாறு செய்யாத நிர்வாகிகளை அங்கத்தினர்கள் கேள்வி கேட்க முடியும்.

இரண்டாவது, இலாபம் வரும் ஆண்டில் விலை ஏற்றத்தாழ்வு நிதிக்குத் தாராளமாக ஒதுக்கவேண்டும். முழுவதையும் போனசாகப் பிரித்துக்கொள்ளும் சங்கம், பட்டு விலை ஏறும் மாதத்தில் தறியை நிறுத்த நேரிடும். நம் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் ஆலயத்தில், வீரராஜேந்திர சோழன் காலத்துப் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைப் பற்றிக் கூறும் அது, ஓராண்டுக்கென இருப்பு வைத்த மருந்துகளையும் பெயர் பெயராகக் குறிக்கிறது. நோய் வருமுன் மருந்தைச் சேர்த்து, கணக்கையும் ஊரார் காணக் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

மூன்றாவது, விலை ஏறியதென்று போலி ஜரிகையை அசல் என்று விற்கலாகாது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுக்கு மக்களின் நம்பிக்கையே முதல். அமெரிக்கச் சந்தையைப் பட்டு இழந்தது சரக்கில்லாத காரணத்தால். நாணயமில்லாத காரணத்தால் நம் சந்தையை நாம் இழக்கவேண்டாம்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இருப்புப் பதிவேட்டையும் வழங்கல் பட்டியலையும் கேட்டுப் பார்க்கவேண்டும். அவ்வாறு கேட்பது நிர்வாகிகளின்மீது அவநம்பிக்கை கொள்வதாகாது. பங்கு எடுத்த ஒவ்வொருவரின் உரிமையும் கடமையும் அதுவேயாகும்.