வில்லியம் ஹோகார்த் (1697–1764): அச்சே மூலம்

ஹோகார்த்தை ஓவியர் என்று முதலில் சொல்லி, அவரது செப்புத்தகட்டு அச்சுப்படங்களை ஓவியத்தின் நகல்களாகக் கருதுவது வழக்கம். சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. வெள்ளிப் பாத்திரங்களில் சின்னங்கள் பொறிக்கும் பட்டறையில் தொழில் பழகியவர் அவர். 'எ ஹார்லட்ஸ் புரோகிரஸ்' என்ற அவரது கதைத் தொடரின் ஓவியங்கள் 1755 தீ விபத்தில் அழிந்தன. கதையோ 1732இல் வெளியான ஆறு அச்சுப்படங்களில் முழுமையாக வாழ்கிறது. திருட்டுப் பதிப்புகள் பெருகியதால் சக கலைஞர்களுடன் நாடாளுமன்றத்தை நாடிப் பதிப்புரிமைச் சட்டம் பெற்றார். 1735இல் அது நடைமுறைக்கு வரும்வரை அடுத்த தொடரை வெளியிடாமல் நிறுத்திவைத்தார். வெறும் நகலுக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெடுவாரா?

'மேரேஜ் அலா மோட்' தகடுகளைச் செதுக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தத் தொடரின் ஆறு ஓவியங்களும் அச்சுக்கு மாதிரியாகவே தீட்டப்பட்டவை. 1751இல் விற்றபோது படச்சட்டங்களோடு சேர்த்து அவற்றுக்குக் கிடைத்தது 120 கினிதான். அதே ஆண்டின் 'ஜின் லேன்' ஓவியமாக வரவேயில்லை. கோட்டுச் சித்திரத்திலிருந்து தகட்டுக்குப் போனது அது: படிக்கட்டில் போதையில் சிரிக்கும் தாய், பிடி நழுவித் தலைகீழாக விழும் குழந்தை, பின்னால் சரியும் வீடுகள். விலை ஒரு ஷில்லிங். கூலிக்காரனுக்கு அதுவும் அதிகம். ஆனால் கடைச் சன்னலில் தொங்கும் படத்தைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை.