யானைவெடியும் அம்மம்மாவின் மூளையும்

நெல் விளையும் காலத்தில் வன்னியின் காட்டோரக் கிராமங்களில் இரவானால் யானைவெடிச் சத்தம் கேட்கும். வயலுக்குள் இறங்கும் யானையை விரட்ட யாரோ கொளுத்திப் போடுகிறார்கள். உங்களுக்கு அது பழகிய சத்தம், புரண்டு படுத்துவிடுவீர்கள். பக்கத்துப் பாயில் அம்மம்மா எழுந்து உட்கார்ந்திருப்பார். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். "அது யானைவெடியணை, படுங்கோ" என்று அம்மா சொல்வார். யானைவெடிதான் என்று அம்மம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு ஏன் கேட்பதில்லை?

நம் மூளையின் உள்ளே பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டால் மணியடிக்கும் காவலாளி அது. காதில் விழுந்த சத்தம் என்னவென்று நாம் யோசித்து முடிக்கும் முன்பே அது மணியடித்துவிடும். ஷெல் கூவும்போது பங்கருக்குள் குதிக்க வேண்டியிருந்த நாட்களில், யோசித்துக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை. அந்தக் காவலாளிதான் பலரைக் காப்பாற்றியது. இலங்கையில் போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் சிலருடைய மூளையில் அந்தக் காவலாளி இன்னும் காவல் நிற்கிறது. இதை நம் ஊரில் மனவடு என்கிறார்கள். வடு என்றால் காயம் விட்டுச்சென்ற தழும்பு.

மூளை செய்யும் வேலையை வெளியிலிருந்து பார்க்க முடியுமா? ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற உளமருத்துவர் 1924இல் அதைச் செய்து காட்டினார். அவருடைய தேடலுக்கும் ஒரு பயம்தான் தொடக்கம். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். தொலைவில் இருந்த அக்காவுக்கு அதே நாளில் காரணமில்லாமல் மனம் பதறியதாம். எண்ணம் தூரம் கடந்து போகுமா என்று தேடத் தொடங்கினார். அதற்கு விடை கிடைக்கவில்லை. கிடைத்தது மூளையின் மின் அலை.

உங்கள் பள்ளிக்கூடத்தின் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். இடைவேளையில் ஆளுக்கு ஆள் கதைப்பதால் ஒரே இரைச்சல். காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் ஒன்றாகப் பாடும்போது பெரிய, மெதுவான ஓசை. தலையில் ஒட்டும் மின்வாய்களும் மூளையின் கோடிக்கணக்கான நரம்புக் கலங்களை இப்படித்தான் வெளியே நின்று கேட்கின்றன. விழிப்பாகக் கணக்குச் செய்யும்போது சிறிய, வேகமான அலைகள். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் வினாடிக்கு 8 முதல் 13 வரையான அல்ஃபா அலைகள். ஆழ்ந்த தூக்கத்தில் வினாடிக்கு 4க்கும் குறைவான பெரிய டெல்டா அலைகள்.

போரையும் சித்திரவதையையும் அனுபவித்தவர்களின் மூளையை ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், மனவடு உள்ளவர்களிடம் தூக்கத்துக்குரிய மெதுவான அலைகள் விழித்திருக்கும்போதே மூளையின் சில இடங்களில் வழமையை விடக் கூடுதலாகத் தெரிந்தன. அதற்காக அலையை மட்டும் பார்த்து ஒருவருக்கு மனவடு என்று மருத்துவர் முடிவு கட்டுவதில்லை. ஆளோடு கதைத்துத்தான் அறிகிறார். மூளையலைப் பரிசோதனை வைத்தியசாலையில் பெரும்பாலும் வலிப்பு நோய்க்கே பயன்படுகிறது.

அதே பல்கலைக்கழகத்தினர் நம் பக்கமும் வந்தார்கள். இலங்கையில் போர் நடந்த பகுதிகளின் 420 மாணவர்களிடம், உளவளத்துணை பயின்ற உள்ளூர் ஆசிரியர்களே கேள்வி கேட்டுத் தகவல் திரட்டினார்கள். நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினரின் சாவு போன்ற கொடுமைகளைச் சந்தித்திருந்தார்கள். நோயாக மனவடு இருந்தது நூற்றுக்கு 25 பேருக்கு. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நினைவில் நிற்கவும் கடினமாக இருந்தது. அவர்களை மக்கு என்று சொன்ன எவரும் தவறாகத்தான் சொன்னார்கள். காவலாளி ஓயாமல் மணியடிக்கும் வீட்டில் வாய்ப்பாடு எப்படி மனதில் ஏறும்?

அந்தக் காவலாளியைச் சமாதானப்படுத்த முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதற்கான ஒரு சிகிச்சையில், கயிறு ஒன்றைத் தரையில் நீளமாக விரிக்கிறார்கள். அதுதான் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை பிள்ளையின் வாழ்க்கை. நல்ல நினைவுகளுக்குப் பூ, கெட்ட நினைவுகளுக்குக் கல். பிறகு ஒவ்வொரு கல்லின் கதையையும், பரிவோடு கேட்கும் ஒருவருக்கு ஆறுதலாகச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, "இது அன்று நடந்தது, இன்று நடக்கவில்லை" என்று மூளை பிரித்தறியக் கற்கிறது. 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இந்த முறையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களிலும் பெரும்பாலானோர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள்.

இன்று இரவு யானைவெடி கேட்டு அம்மம்மா எழுந்தால் சிரிக்காதீர்கள். விசர் என்ற சொல்லை யாரையும் பார்த்துச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே கெட்ட கனவு விடாமல் வந்தால் பள்ளியில் நீங்கள் நம்பும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.